தறிக்கு ஆகிற கேசட்

வீரபாகு தணிகாசலத்துக்குத் தரவேண்டியிருந்தது நானூற்று முப்பத்தேழு ரூபாய் ஐம்பது காசு. பதினான்கு கேசட்டில் பாட்டுப் பதிந்து கொடுத்த வகையில் முந்நூற்று ஐம்பது. வாடகைக்கு எடுத்துப் படித்த முப்பத்தைந்து நாவலுக்கு, ஒன்றுக்கு இரண்டரை வீதம், எண்பத்தேழரை. கேசட்டெல்லாம் வீரபாகு கேட்டது. நாவலெல்லாம் அவன் பெண்டாட்டி லீலா படித்தது. ஆனால் இரண்டும் ஒரே தாளில், வீரபாகு பெயருக்குக் கீழேதான் ஏறியிருந்தன.

கடன் இவ்வளவு தூரம் வளர்ந்ததற்குத் தணிகாசலத்தின் வாய்தான் காரணம். ஆரணி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், சைக்கிள் கடையை ஒட்டினாற்போல் ஆறடி அகலத்தில் அவனுடைய ரெக்கார்டிங் கடை இருந்தது. மூன்று சுவரிலும் கேசட். வாசல் பக்கம் ஒரு தட்டில் மாத நாவல்கள், பிளாஸ்டிக் அட்டை போட்டு. யாராவது பாட்டு எழுதிய சீட்டை நீட்டினால் வாங்கிப் படிப்பான். படித்துவிட்டு மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொள்வான்.

"இத்த எப்ப கேப்பீங்க? சோறு துன்னும்போதா, வேலை செய்யும்போதா? வூட்ல கொழந்த கீதா?" என்று டாக்டர் மாதிரி நாலு கேள்வி கேட்பான். பிறகு, "நீங்க எழுதிகினு வந்தது பன்னெண்டு பாட்டு. அதுல ஆறு போட்றேன். மீதி ஆறு என் இஷ்டம். புடிக்கலன்னா துட்டு குடுக்காதீங்க" என்பான்.

பிடிக்கவில்லை என்று யாரும் திரும்பி வந்ததில்லை. அவன் போட்ட ஆறு பாட்டுக்குத்தான் மறுபடி மறுபடி வந்தார்கள். ஆனால் அப்படி ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்ட பிறகு, துட்டு எங்கே என்று அவனால் வாய்திறந்து கேட்க முடியவில்லை. கேட்டால், பாட்டு பிடித்ததா என்று பல்லை இளித்துக்கொண்டு நிற்பதுபோல் அவனுக்குத் தோன்றும். ஆகையால் எழுதிவைத்துக்கொள்வதோடு சரி.

லீலாவுக்கும் அவன்தான் புத்தகம் எடுத்துத் தந்தவன். அவள் எழுத்துக் கற்றதே முப்பத்தாறு வயதில். அறிவொளி வகுப்பு என்று ஊரெங்கும் நடத்திய காலத்தில் தெரு முனை டியூப்லைட் அடியில் உட்கார்ந்து கற்றது. வகுப்பு முடிந்து எல்லாரும் சிலேட்டை மூலையில் வைத்துவிட்டார்கள். லீலா மட்டும் பஸ்ஸில் ஒட்டியிருப்பது, மளிகை சுற்றி வந்த காகிதம் என்று கண்ணில் பட்டதையெல்லாம் கூட்டிக் கூட்டிப் படித்துக்கொண்டே இருந்தாள். ஒருநாள் வீரபாகுவுக்குக் கேசட் வாங்கப் போன இடத்தில் கடைப் பலகையில் எழுதியிருந்ததை உதடசைத்துப் படித்தபடி நின்றாள். தணிகாசலம் அதைப் பார்த்துவிட்டு, தட்டின் அடியிலிருந்து ஒரு புத்தகத்தை உருவினான்.

"இது பெரிய எழுத்துக்கா. ஜாஸ்தி வர்ணனை இல்ல, ஆளுங்க பேசிகினே இருப்பாங்க. ஒரு நாளைக்கு ரெண்டு பக்கம் போதும். ஜல்தி வேணாம்."

ஒரு மாதம் ஆயிற்று அவளுக்கு அதை முடிக்க. அடுத்தது இருபது நாள். முப்பத்தைந்தாவது நான்கு நாளில் முடிந்தது.

வீட்டில் நடுக்கூடம் முழுக்கத் தறிதான். குழியில் காலை விட்டு வீரபாகு உட்கார்ந்தால் பக்கத்துத் தூணில் துணி சுற்றிய டேப் ரெக்கார்டர் பாடிக்கொண்டிருக்கும். பட்டு நூல் தூசி உள்ளே போகாமல் இருக்கத்தான் துணி. அரைமணி ஓடினால் கேசட்டின் ஒரு பக்கம் தீரும். ஒரு பக்கம் தீர்ந்தால் சேலையில் ஒரு சாண் ஏறியிருக்கும். மணி பார்க்கிற வழக்கமே அவனுக்கு இல்லை. "இன்னும் ரெண்டு பக்கம் ஓட்டிட்டு எழுந்துக்கறேன்" என்பான். நூல் அறுந்தால்கூட முதலில் டேப்பை நிறுத்துவான், பிறகுதான் முடிச்சுப் போடுவான். பாட்டில் ஒரு வரி போனாலும் அவனுக்குப் பொறுக்காது. எட்டு வயதிலிருந்து அந்தக் குழியில் உட்கார்ந்தவனுக்கு இப்போது நாற்பத்தேழு. முதுகும் முழங்காலும் கெஞ்சுகிற வயது. அந்தப் பாட்டு மட்டும் இல்லையென்றால் எப்போதோ பஸ் ஸ்டாண்டில் பழம் விற்கப் போயிருப்பேன் என்று அவனே சொல்லியிருக்கிறான்.

தொண்ணூற்றேழாம் வருஷம், ஆனி மாசக் கடைசியில் தணிகாசலம் பதினான்காவது கேசட்டைக் கொடுத்தனுப்பினான். "இது அண்ணனுக்குன்னே போட்டது. மூணு மணி நேரம் குந்தி வரிசை பண்ணேன். ஒண்ணு சாந்தமா வரும், அடுத்தது தவுலு பம்பைன்னு தூக்கும், மறுபடி சாந்தம். அலுப்பே தட்டாது" என்று லீலாவிடம் சொன்னான்.

அலுப்பு தட்டத்தான் இல்லை. வீரபாகு அந்த ஒரே கேசட்டைத் திருப்பித் திருப்பிப் போட்டு ஒரு சேலையை முடித்தான். ஒரு பாவில், அதாவது தறியில் நீளவாக்கில் ஏற்றிய நூலில், மூன்று சேலை. முதல் சேலையை அறுத்து எடுத்துவிட்டு, சனிக்கிழமை சாப்பாட்டுக்குப் பின் இரண்டாவதைத் தொடங்கி இரண்டு சாண் நெய்துவைத்தான். திங்கட்கிழமை காலை முதல் சேலையை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு முதலாளி கமலக்கண்ணன் வீட்டுக்குப் புருஷனும் பெண்டாட்டியுமாகப் போனார்கள். கூலி வாங்குகிற நாளில் லீலா கூடப் போவது வழக்கம். வழியிலேயே அரிசி வாங்கிவிடலாம்.

கமலக்கண்ணன் சேலையைத் தராசில் வைத்து எடுத்தார். பிறகு வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். 

"இன்னாய்யா இது, வரிக்குதிரை நெஞ்சி எட்த்துகினு வந்துகீற?"

வீரபாகு கிட்டே போய்ப் பார்த்தான். லீலாவும் பார்த்தாள். மாம்பழ நிற உடம்பில் குறுக்காக, ஓர் இடம் நெருக்கமாகவும் அடுத்த இடம் இளகலாகவும், முந்தியிலிருந்து அடிவரை பட்டை பட்டையாகப் போயிற்று. வீட்டு வெளிச்சத்தில் தெரியாதது வெயிலில் பளிச்சென்று தெரிந்தது. தறிப் பலகையை இழுத்து அடிக்கிற அடியில்தான் குறுக்கே ஓடுகிற ஊடை நூல் நெருங்கி உட்காரும். அடி ஓங்கினால் நெருக்கம், அடி தளர்ந்தால் இளகல். முப்பத்தொன்பது வருஷமாக நெய்கிறவன் கையில் இப்படி வருவதென்றால் குடித்திருக்க வேண்டும். வீரபாகு குடிக்கிறவன் இல்லை என்பது கமலக்கண்ணனுக்கும் தெரியும்.

"ஒடம்பு சரியில்லயா?"

"நல்லாத்தான் கீறேன் முதலாளி."

"அப்ப கைதான் போச்சு." கூலியில் இருநூறைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தார். "ஆடிப் பதினெட்டுக்குள்ள ரெண்டாவது சேலை வரணும். அதுலயும் பட்டை வுயுந்தா மூணாவது நெய்யவே வேணாம். பாவ அறுத்துகினு போய்டுவேன். அடுத்த பாவும் கெடையாது. கோச்சிக்காத."

கோபித்துக்கொள்ள என்ன இருக்கிறது. இன்னொரு முதலாளியிடம் போகலாம் என்றால், கமலக்கண்ணன் ஏன் விட்டார் என்று அவர் முதலில் கேட்பார். அரிசி வாங்காமலே வீடு திரும்பினார்கள். தறியில் சுற்றியிருந்த இரண்டு சாணைத் தளர்த்தி, அடியில் பல்பைப் பிடிக்கச் சொல்லிப் பார்த்தான் வீரபாகு. அதிலும் பட்டை. டேப்பின் வயரைப் பிடுங்கிச் சுற்றி மூலையில் வைத்தான்.

"அந்தத் தணிகாசலங்கிட்ட போய்ச் சொல்லு. புடிக்கலன்னா துட்டு குடுக்காதன்னு அவன்தான சொன்னான்? எனக்குப் புடிக்கல. நானூத்தி முப்பத்தேழரையும் பைசல்."

"கேசட்டு ஒண்ணுதான பட்டை போட்டுது? மீதி பதிமூணு இன்னா பண்ணுது? நான் படிச்ச புத்தகம் இன்னா பண்ணுது?"

"நீ எனக்குப் பொண்டாட்டியா, அவனுக்குக் கணக்குப்புள்ளயா?"

லீலா புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் போனாள். சொல்லவேண்டியதைச் சொன்னாள். தணிகாசலம் முகம் சுருங்கிப்போயிற்று. கடனைப் பற்றி அவன் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

"என் வரிசை மேலயாக்கா பழி? அந்தக் கேசட்ட கேட்டு டிரைவருங்க நாலு பேரு காப்பி எட்த்துகினு போய்கீறாங்க. பாட்டு கேட்டா சேலைல பட்டை வுயுமா? ஊர் சிரிக்கும்."

"சிரிக்கட்டும். நீ வந்து பாரு தம்பி."

அவன் கடையைச் சாத்திவிட்டு அப்போதே வந்தான். அவன் கையில் அந்தக் கேசட்டின் இன்னொரு பிரதியும் சட்டைப் பையில் அங்குலம் அளக்கிற நாடாவும் இருந்தன. வீரபாகு குழி ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"அண்ணே, சனிக்கெழம எந்தப் பக்கம் போட்டு ஆரம்பிச்சீங்க?"

"முதல் பக்கம்."

"நடுவுல நிறுத்துனீங்களா?"

"இழை அறுந்தா நிறுத்துவேன். வேற எதுக்கும் நிறுத்த மாட்டேன்."

லீலா துணிக்கு அடியில் பல்பைப் பிடித்தாள். தணிகாசலம் டேப்பை ஓடவிட்டு, சேலை தொடங்குகிற இடத்தில் நாடாவின் நுனியை வைத்தான். தான் பதிந்த பாட்டுகளின் நீளம் அவனுக்கு நொடி தவறாமல் தெரியும்.

"முதல் பாட்டு அஞ்சு நிமிஷம். அரைமணிக்கு ஒம்பது அங்குலம்னா அஞ்சு நிமிஷத்துக்கு ஒண்ரை." ஒன்றரையில் விரலை வைத்தான். விரலுக்குக் கீழே துணி சட்டென்று நெருங்கியிருந்தது. டேப்பில் மெல்லிய பாட்டு முடிந்து பம்பை எழுந்தது. "ரெண்டாவது நாலு நிமிஷம்." நாடாவை நகர்த்தினான். அவன் வைத்த இடத்தில் துணி மறுபடி இளகிற்று. அடுத்த பாட்டிலும் அப்படியே. ஒரு பக்கம் முழுக்க அவன் வரிசை செய்த ஆறு பாட்டும் அந்த ஒரு சாண் பட்டில் எழுதிவைத்த மாதிரி கிடந்தன.

வீரபாகு தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பாட்டு தூக்கினபோது கை தூக்கியிருக்கிறது, அவனுக்கே தெரியாமல்.

தணிகாசலம் டேப்பை நிறுத்தினான். குழி ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டான். "வண்டி ஓட்றவனுக்கு இது சரியான வரிசை. தறிக்கு ஆவாது. எனக்குத் தோணல பாருங்க. தப்பு என்னுது. அந்த இருநூற கடன்ல கழிச்சிடறேண்ணே."

"நீ எதுக்குக் கழிக்கணும்? பலகைய அடிச்சது நீயா? கை என்னுது."

"கேசட்டு என்னுது."

"கேட்டது நான்தான? துட்டு பேச்ச வுடு."

சற்று முன்வரை ஒரு பைசா தர மாட்டேன் என்றவன் இப்போது ஒரு பைசா கழிக்க விடமாட்டேன் என்று சண்டை போட்டான். லீலா பல்பை அணைத்தாள்.

"ரெண்டு பேரும் கீயே எறங்கி வாங்க. கடன் அப்பிடியே இருக்கட்டும். இந்த ரெண்டு சாண பிரிக்கணுமே, அதுக்கு வழிய பாருங்க."

பிரிக்க ஒரு முழுநாள் ஆயிற்று. ஒவ்வோர் ஊடையாக உருவி எடுத்து, சிக்காமல் சுற்றி, மறுபடி முதலிலிருந்து.

பாட்டில்லாமல் நெய்யத் தொடங்கினான் வீரபாகு. முதல் நாள் பரவாயில்லை. இரண்டாம் நாள் மதியத்துக்கு மேல் கண் சொருகிற்று. ஒருமுறை ஊடை நூல் ஏந்தி ஓடுகிற தறி நாடாவைத் தள்ளிவிட்டு மிதிக்க மறந்து உட்கார்ந்திருந்தான். தூக்கக் கலக்கத்தில் நெய்ததையெல்லாம் மறுபடி பிரிக்கவேண்டி வந்தது, நாளுக்கு ஒரு சாண்கூட நிற்கவில்லை. அந்தக் கணக்கில் போனால் ஆடிப் பதினெட்டுக்கு முந்திவரைகூட வராது.

தணிகாசலம் விடவில்லை. எல்லாமே சாந்தமான பாட்டாக ஒரு கேசட் போட்டுக்கொண்டு வந்தான். வீரபாகு தூங்கி விழுந்து பலகையில் நெற்றியை இடித்துக்கொண்டான். எல்லாமே வேகமான பாட்டாக ஒன்று. மத்தியானத்துக்குள் தோள்பட்டை கழன்றுவிடும் போலாயிற்று, இழை இழையாக அறுந்தது. சுருதிப் பெட்டி மட்டும் ஓடுகிற மாதிரி ஒன்று செய்துவந்தான். அதைக் கேட்டுப் பக்கத்து வீட்டுச் சுபலட்சுமி, யார் வீட்டில் சாவு என்று எட்டிப் பார்த்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை. உலையை வைத்துவிட்டு, அரிசி வேகிற நேரத்தில் லீலா அடுப்படியில் உட்கார்ந்து நாவல் படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு மனசுக்குள் படிக்க வராது. வாய்விட்டுச் சொன்னால்தான் எழுத்து ஏறும். அதனால் மெதுவாகச் சொல்லிச் சொல்லிப் படிப்பாள்.

"கொஞ்சம் சத்தமா படி" என்றான் தறியிலிருந்து வீரபாகு.

"எதுக்கு?"

"அவ மாமியா வூட்டுக்குத் திரும்பிப் போனாளா இல்லையா?"

லீலா மணையைத் தறிப் பக்கம் இழுத்துப் போட்டாள். வீட்டைவிட்டு வந்து ஒரு சின்ன ஊரில் இட்லிக் கடை போடுகிற ஒருத்தியின் கதை அது. சோறு குழைந்துபோகிற வரைக்கும் படித்தாள். இடையில் ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தபோதுதான் அவள் காதில் பட்டது, தறியின் சத்தம். டக், டக் என்று ஒரே சீராக விழுந்துகொண்டிருந்தது. அவள் வேகமாகப் படித்தாலும் அதே அடி. பெரிய சொல்லில் தட்டுத்தடுமாறி நின்றாலும் அதே அடி. பேச்சுக்குத் தாளம் இல்லை, அதனால் கை தன் தாளத்தில் போயிற்று. தூக்கமும் வரவில்லை. இட்லிக் கடைக்காரிக்கு அடுத்து என்ன ஆகிறது என்று தெரியவேண்டுமே.

ஆனால் நாள் முழுக்க அவள் உட்கார்ந்து படித்தால் தார் யார் சுற்றுவது? ஊடைக்கான பட்டு நூலைத் தறி நாடாவுக்குள் வைக்கிற சின்னச் சின்னத் தாராக இராட்டையில் சுற்றித் தரவேண்டியது அவள் வேலை. தார் இல்லாவிட்டால் தறி நிற்கும். தணிகாசலம் அதைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டான்.

"பதியறதுக்குக் கடைல மெஷின வெச்சிகினு ஒரு வாரமா நான் தவுலு தேடிகினு கீறேன். நாளைக்கு மத்தியானம் கடைக்கு வாங்கக்கா."

"எதுக்கு?"

"படிக்க."

"போ தம்பி. கூட்டிக் கூட்டிப் படிக்கிறவ கொரல எவன் கேப்பான்?"

"அண்ணன் கேப்பாரு. வேற எவன் கேக்கணும்?"

மறுநாள் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, சத்தம் விழுமென்று மின்விசிறியையும் நிறுத்தினான். தகரக் கூரை. லீலாவுக்கு வேர்த்து ஊற்றிற்று. மைக்குக்கு முன்னால் முதல் வரியையே மூன்று தரம் தப்பாகப் படித்தாள். தணிகாசலம் ஒவ்வொரு தரமும் திரும்பச் சுற்றி, "மறுபடி" என்றான். நாலாவது தரம் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"சும்மா ஓட வுடு தம்பி. தப்புன்னா அவருக்குத் தெரியும். நான் படிக்கிறத அவரு தினம் கேக்கறாரு."

ஓடவிட்டான். அவள் மைக்கை மறந்து கதைக்குள் போய்விட்டாள். இட்லிக் கடைக்காரி தன் தம்பிக்குப் பணம் கொடுக்கிற இடம் வந்தது. லீலா நிறுத்தினாள். "இவளுக்கு அறிவு கீதா? போன மாசம்தான அவன் ஏமாத்தினு போனான்?" என்று ஒரு திட்டு திட்டிவிட்டு மேலே படித்தாள். தெருவில் ஐஸ் வண்டி மணி அடித்துக்கொண்டு போயிற்று. அதுவும் பதிவாயிற்று. ஓரிடத்தில் பெரிய சொல் ஒன்று பிடிபடவில்லை. "இது இன்னா வார்த்தையோ, போவட்டும்" என்று தாண்டிவிட்டாள். நான்கு மத்தியானம், நான்கு கேசட்.

வீரபாகு முதல் கேசட்டைத் தூணில் இருந்த டேப்பில் போட்டான். லீலா இராட்டை சுற்றிக்கொண்டிருந்தாள். அவள் குரல் டேப்பிலிருந்து வந்தது. கேட்கவே கூச்சமாக இருந்தது அவளுக்கு. மூக்கால் பேசுகிறவள் மாதிரி, யாரோ மாதிரி. தம்பிக்குப் பணம் கொடுக்கிற இடம் வந்ததும் டேப்புக்குள்ளிருந்து அவள் திட்டினாள். "தம்பின்னா குடுக்காம இன்னா பண்ணுவா?" என்று வீரபாகு டேப்பைப் பார்த்துப் பதில் சொன்னான். "உன் தம்பிக்கு நீ குடுக்கல?"

"அது எப்ப?" என்றாள் இராட்டையிலிருந்து நிஜ லீலா.

"நான் உன்கிட்ட பேசல. இதுங்கிட்ட பேசறேன்."

அரைமணிக்கு ஒரு சாண் மறுபடி ஏறிற்று. சாயங்காலம் பல்பை அடியில் பிடித்துப் பார்த்தார்கள். துணி குளத்துத் தண்ணீர் மாதிரி ஒரே சமமாக இருந்தது. ஆனால் நான்கு கேசட் எட்டுப் பக்கம்தான், எட்டுச் சாண்தான். சேலைக்கு இருபத்துநாலு வேண்டும். கேட்டதையே இன்னொரு தரம் கேட்டால் தூக்கம் வந்துவிடும். தணிகாசலம் உடனே அடுத்த புத்தகத்தை எடுத்து நீட்டினான்.

"இது சூடா போற சரக்குக்கா. முதல் பக்கத்துலயே கொலை. கீயே வைக்க முடியாது."

லீலா கடையில் நின்றபடியே பத்துப் பக்கம் படித்தாள். மூடித் திருப்பிக் கொடுத்தாள்.

"இது ஆவாது தம்பி. கத்திய தூக்கறான், தொரத்தறான். கேட்டுகினு இருந்தா இவரு பலகைய போட்டு ஓங்குவாரு. மறுபடி பட்டை. அழுவாச்சியும் வேணாம், அழுதா கை தளரும்."

"அப்ப இன்னாதான் வேணும்?"

அவள் தட்டின் முன் உட்கார்ந்தாள். ஒவ்வொன்றாக எடுத்து நடுவில் எங்காவது பிரித்து நான்கு வரி படித்தாள், வைத்தாள். தணிகாசலம் எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தான். தன் கடையில் சரக்கைத் தானே தேர்ந்தெடுத்துக் கொடுத்துப் பழகியவன்.  கடைசியில் அவள் எடுத்தது, அவன் யாருக்கும் கொடுத்தே இராத புத்தகம். ஒரு கண்டக்டர், அவன் ஓடுகிற ஒரே ரூட் பஸ், அதில் தினமும் ஏறுகிற ஜனங்கள். பெரிதாக ஒன்றும் நடக்காது.

"இத்த ஒருத்தனும் முழுசா படிச்சதில்லக்கா."

"தறில குந்தினு கேட்டிருக்க மாட்டாங்க."

கண்டக்டர் கதை ஐந்து கேசட் வந்தது. அதற்கடுத்து அவள் எடுத்த ஒன்று மூன்று கேசட். ஆடிப் பதினாறாம் தேதி சேலையை அறுத்தார்கள்.

கமலக்கண்ணன் தராசில் வைத்தார். வெயிலுக்குத் தூக்கினார். லீலா அவர் முகத்தைப் பார்க்காமல் சேலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே என்று அவர் கண் இரண்டு தரம் ஓடிற்று. விரலால் ஓரிடத்தைத் தடவினார். பிறகு மடித்துவைத்து, கூலியைப் பிடித்தம் இல்லாமல் எண்ணிக் கொடுத்தார்.

"கை திரும்பிட்சா?"

"கேசட்டு மாத்துனேன் முதலாளி."

அவருக்குப் புரியவில்லை. "மூணாவது முடிச்சிட்டு வா. அடுத்த பாவு சாயத்துக்குப் போய்கீது" என்றார். வெளியே வந்ததும் வீரபாகு கூலியை லீலாவிடம் கொடுத்துவிட்டுச் சைக்கிளை எடுத்தான். பிறகு, "அரிசி வாங்கிகினு போலாமா?" என்றான்.

மூன்றாவது சேலை பாதி ஏறியிருந்தபோது சுபலட்சுமி சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் கொடுத்தாள். "அக்கா, அந்தக் கண்டக்டரு கதைய கொஞ்சம் சவுண்டா வெய்யக்கூடாதா? பாதி கேக்குது, பாதி கேக்கல. பேஜாரா கீது." வீரபாகு சத்தத்தைக் கூட்டினான். இரண்டு நாளில் அவள் வீட்டுக்காரன் சிவகுமார் தணிகாசலத்தின் கடைக்கே போய்விட்டான். "அந்தம்மா நடுநடுவுல திட்டுமே, அந்தக் கேசட்டு வேணும்" என்று கேட்டான். திட்டு இல்லாமல் சுத்தமாகப் பதிந்து தருகிறேன் என்று தணிகாசலம் சொல்லிப் பார்த்தான். சிவகுமார், அப்படியானால் வேண்டாம் என்றுவிட்டான்.

தணிகாசலம் லீலாவிடம் வந்து நேராகச் சொன்னான். பிரதி ஒன்று இருபத்தைந்து ரூபாய், அதில் பத்து அவளுக்கு. கையில் வேண்டுமானால் கையில், கணக்கில் வேண்டுமானால் கணக்கில்.

"கணக்குல கழி" என்றாள் லீலா.

"அப்ப நீ படிச்ச கடன மட்டும் கழிக்க சொல்லு" என்று தறியிலிருந்து குரல் வந்தது. "என் பாட்டுக் கடன நான் பாத்துக்கறேன்."

"எது உங்க கடன், எது என் கடன்னு பிரிச்சிகினு குந்தாதீங்க. ஒரே தாளுலதான கீது."

ஆவணி, புரட்டாசி என்று மாதத்துக்கு ஏழெட்டாகப் போயிற்று. தறி வைத்திருக்கிறவர்கள் வாங்கினார்கள். சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து பட்டு கொடுக்க வருகிறவர்கள் கேட்டு வாங்கினார்கள். லீலாவின் சொந்த ஊரான தேவிகாபுரத்துக்கு இரண்டு போயிற்று. அங்கே ஒருத்தி, நம் லீலாவா இது, இவளுக்குப் படிக்கத் தெரியுமா என்று பஸ் ஏறி வந்தே பார்த்துவிட்டுப் போனாள். கடைக்கு வருகிறவர்களிடம் தணிகாசலம் இப்போது பாட்டுச் சீட்டு வாங்குவதற்கு முன்பே கேட்டான், தறியில் கேட்கவா, வண்டியில் கேட்கவா என்று. தறி என்றால், "கொஞ்சம் இருங்க, அக்கா இன்னா சொல்லிகீறாங்கன்னு பாக்கறேன்" என்று லீலா பிரித்துவைத்த அடுக்கைப் பார்த்துத்தான் கொடுத்தான்.

லீலா அதற்குப்பின் எடுத்த புத்தகத்துக்கெல்லாம் கையோடு காசு கொடுத்துவந்தாள். தை மாசம் பொங்கல் கழிந்த மூன்றாம் நாள் கடைக்குப் போனபோது தணிகாசலம் கணக்குப் புத்தகத்தை அவள் பக்கம் திருப்பிவைத்தான். நாற்பத்துமூன்று பிரதி. நானூற்று முப்பது ரூபாய். மீதி ஏழரை.

"இது இருக்கட்டும் வுடுங்கக்கா. இன்னா பெரிய துட்டு."

"நீ இப்பிடி வுட்டு வுட்டுத்தான் ஊரெல்லாம் உனக்குக் கடங்காரங்க" என்றாள் லீலா. முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஏழு ரூபாயும் ஓர் எட்டணாவும் எண்ணி மேசைமேல் வைத்தாள்.

அவன் காசைக் கல்லாவில் போட்டுவிட்டு அடிமட்டத்தை வைத்துத் தாளின் குறுக்கே ஒரு கோடு இழுத்தான். அவள் குனிந்து மேலிருந்து ஒவ்வொரு வரியாக உதடசைத்துப் படித்துக்கொண்டு வந்தாள். பதினான்கு கேசட், முப்பத்தைந்து புத்தகம், நாற்பத்துமூன்று பிரதி. எல்லாம் சரியாக இருந்தது.

"தேதி போடல" என்றாள்.

அவன் தேதி போட்டான்.